தலைக்கு டை: தற்காலிகமா, நிரந்தரமா?

எபினே-சூர்-செய்னில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில் ஓர் அண்ணை இருக்கிறார். "எழுதுங்கோ தங்கச்சி, பேரை மட்டும் விட்டிடுங்கோ" என்று அவர் அனுமதி தந்த பிறகே இதை எழுதுகிறேன்.

1988இல் பிரான்சுக்கு வந்தவர். அகதி அந்தஸ்துக் கிடைத்தவர் என்பதால் அந்தப் பயணப் பத்திரத்தில் ஊருக்குப் போக வழியில்லை. எனவே தாயாரைச் சென்னைக்குக் கூட்டி வருவது, இவர் இங்கிருந்து போய் அங்கே பார்ப்பது என்று 2007இல் ஒழுங்கு செய்தார்கள். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு தாயும் மகனும் முகம் பார்க்கப் போகிறார்கள். விமானம் செவ்வாய்க்கிழமை.

வெள்ளிக்கிழமை இரவு உணவகத்து வேலையால் வந்தவர், நித்திரை முழித்துக் குளியலறையில் நின்று தலைக்கும் மீசைக்கும் டை பூசினார். "அம்மா கடைசியாக் கண்டது கறுத்தத் தலையோடை போன பிள்ளையை. நரைச்சுப் போய் எப்பிடி அவவுக்கு முன்னாலை நிக்கிறது?" என்று மனைவியிடம் சொன்னாராம்.

சனிக்கிழமை பின்னேரம் காதுக்குப் பின்னால் கடி தொடங்கியது. ஞாயிறு விடிய அக்கா எங்கள் கதவைத் தட்டினார். ஓடிப்போய்ப் பார்த்தால் அண்ணையை எனக்கு அடையாளம் தெரியவில்லை. நெற்றி வீங்கிக் கண்கள் இரண்டும் மூடிப் போயிருந்தன. மேலுதடு தடித்திருந்தது. தலையிலிருந்து நீர் வடிந்து தலையணை நனைந்து கிடந்தது. வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டு போனோம். செவ்வாய்க்கிழமை விமானம் அவரில்லாமல் போனது. சென்னையில் தாயார் காத்திருந்தார்.

"எட்டு வருசமா இதே டைதான். ஒரு நாளும் ஒண்டும் செய்யேல்லையே" என்பதையே அண்ணை திரும்பத் திரும்பச் சொன்னார். வைத்தியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "போன முறை பூசியபோது கடிக்கவில்லையா?" அண்ணை யோசித்துவிட்டு, "கொஞ்சம் கடிச்சதுதான். குளிருக்கு எண்டு நினைச்சன்" என்றார்.

இக்கட்டுரையை எழுத வைத்தது அந்தப் பதில்தான். தற்காலிகமான டையா, நிரந்தரமான டையா என்று எம்மவர் கேட்கும்போது நிறம் எத்தனை நாள் நிற்கும் என்பதையே நினைக்கிறார்கள். உண்மையில் நிரந்தர டை என்பது நிரந்தரமானதல்ல. மாதம் ஒரு சென்ரிமீற்றர் அளவில் மயிர் வளர, அது வெட்டுப்பட்டுப் போய்விடும். ஆனால் அந்த டைக்கு உடம்பில் ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால் அது பெரும்பாலும் ஆயுளுக்கும் நிற்கும். எதைத் தெரிவு செய்வது என்பதை இந்த இடத்திலிருந்துதான் யோசிக்க வேண்டும்.

பூசுகிறவர்களைக் குறை சொல்ல வேண்டாம்

"இந்த வயசிலை என்ன ஸ்டைல்" என்று பகிடி பண்ணுகிறவர்கள் உண்டு. ஆனால் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இளைஞராக வந்தவர்களுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. ஐம்பது வயதில் வேலை போய்ப் புதிய வேலை தேடுகிறவர், நரையைக் கண்டு முதலாளி தயங்குவார் என்று பயப்படுகிறார். பிள்ளையின் கலியாண வீடு, சாமத்திய வீடு, வீடியோ, புகைப்படம் என்று வரும்போது தாய்மாருக்கும் ஆசை வராதா? ஆவணி மாதத் தேருக்கு லாச்சப்பல் போனால் ஊர்ச் சனம் முழுவதையும் காணலாம். அதற்கு முதல்நாள் டை பூசும் வீடுகள் எங்கள் மாடியிலேயே நாலைந்து.

டை பூசுவதில் ஒரு பிழையும் இல்லை. எதைப் பூசுகிறோம் என்று தெரியாமல் பூசுவதில்தான் பிழை. பெட்டிக்குள் இருக்கும் தாள் பிரெஞ்சில், பொடி எழுத்தில் இருக்கிறது. அதை விரித்துப் பார்க்காமலே குப்பையில் போட்டுவிடுகிறோம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னாலே பாதி ஆபத்துக் குறைந்துவிடும்.

பெட்டிகள் நான்கு வகை

சுப்பர்மார்க்கெட் தட்டில் நூறு பெட்டி இருந்தாலும் வகை நான்குதான்.

முதலாவது, பிரெஞ்சில் 'தெம்போரேர்' எனப்படும் தற்காலிகச் சாயம். வேர் மறைக்கும் ஸ்பிறே, மஸ்காரா போன்ற தூரிகை, பவுடர், நுரை என்று வரும். இதன் நிறத்துணிக்கைகள் பெரியவை. மயிருக்குள் போக மாட்டா, மேலே ஒட்டிக்கொண்டு இருக்கும். ஒருமுறை ஷாம்பு போட்டால் போய்விடும். மழையிலும் வியர்வையிலும் கரையும், சட்டைக் கொலரிலும் தலையணை உறையிலும் ஒட்டும்.

இரண்டாவது, அரைநிரந்தரச் சாயம். கலக்க வேண்டியதில்லை, ஒரே போத்தலிலிருந்து அப்படியே பூசுவது. மயிரின் வெளிப்படைக்குள் கொஞ்சம் புகும். ஆறு முதல் எட்டு முழுக்கில் மெல்ல மங்கிப் போகும். அங்கொன்றும் இங்கொன்றுமாக நரைத்தவர்களுக்கு இது போதும். பாதித் தலை வெளுத்தவர்களுக்கு எடுபடாது.

மூன்றாவது, 'தோன் சூர் தோன்' என்று பெட்டியில் போட்டிருப்பது. இரண்டு போத்தலைக் கலக்க வேண்டும். இதில் ஹைட்ரஜன் பெரொக்சைட் குறைந்த அளவில் இருக்கும். இருபது முழுக்குக்கு மேலும் நிற்கும். நரையை முழுதாக மூடாவிட்டாலும் மற்ற மயிரோடு கலந்து காட்டும். நிறம் மெல்ல மங்குவதால் வேரில் வெள்ளைக்கோடு பளிச்சென்று தெரியாது.

நான்காவது, 'பெர்மனாந்த்' எனப்படும் நிரந்தரச் சாயம். இதுவும் இரண்டு போத்தல்தான். அமோனியா அல்லது அதைப் போன்ற காரப்பொருள் மயிரை ஊதச் செய்து, அதன் மேல் செதில்களைத் திறக்கும். மிகச் சிறிய நிறமற்ற துணிக்கைகள் உள்ளே போகும். பெரொக்சைட் அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பெரிய நிறத்துணிக்கைகளாக மாற்றிவிடும். பெரிதான பிறகு அவை வெளியே வர முடியாமல் உள்ளேயே அகப்பட்டு நிற்கின்றன. அதனால்தான் எத்தனை முழுக்கு முழுகினாலும் போகாது. நரை முழுவதையும் மூடுவதும் இதுதான்.

ஆனால் வேரில் புதிதாக முளைக்கும் மயிர் வெள்ளையாகத்தான் முளைக்கும். நாலைந்து கிழமையில் வகிட்டில் வெள்ளைக்கோடு தெரியும். ஆறு கிழமைக்கு ஒருமுறை வேருக்குப் பூசினாலும் வருடத்துக்கு எட்டு ஒன்பது தடவை. பத்து வருடத்தில் எண்பது தொண்ணூறு தடவை. நிரந்தர டையைத் தெரிவு செய்கிறவர் ஒரு நாளைக்குப் பூசத் தீர்மானிக்கவில்லை, அத்தனை தடவைக்கும் சேர்த்தே தீர்மானிக்கிறார்.

எங்கள் அயலில் வளர்ந்த தொழில்

இந்த நிரந்தர டைக்குள் இருப்பது என்ன என்று விளங்க, கொஞ்சம் பழைய கதை வேண்டும். கதையின் ஒரு பகுதி எங்கள் அயலிலேயே நடந்தது.

பெனிலீன் டயமீன் என்ற இரசாயனத்தை 1863இல் ஜேர்மனியரான ஹொஃப்மான் என்ற விஞ்ஞானி விவரித்தார். சுருக்கமாக பி.பி.டி. என்பார்கள். பெரொக்சைட்டோடு சேர்த்து மயிருக்குச் சாயமிட அதைப் பயன்படுத்தும் உரிமைப் பத்திரத்தை 1883இல் பிரான்சில் மொனே கம்பனி எடுத்தது. 1907இல் எஜேன் ஷுலேர் என்ற இளம் இரசாயனவியலாளர் பாரிசில் ஒரு தலைச்சாயத்தைத் தயாரித்து சலூன்காரருக்கு விற்கத் தொடங்கினார். 1909இல் அவர் தொடங்கிய கம்பனியின் பெயரைத் தமிழில் சொன்னால் 'தலைமயிருக்கான தீங்கற்ற சாயங்களின் பிரெஞ்சுக் கம்பனி' என்று வரும். 'தீங்கற்ற' என்று பெயரிலேயே போட வேண்டியிருந்தது என்றால், அந்தக் காலத்து மக்கள் தலைச்சாயத்துக்கு எவ்வளவு பயந்திருப்பார்கள் என்று பாருங்கள். அந்தக் கம்பனிதான் இன்று உலகம் முழுவதும் தெரிந்த லொறியால். எபினேயைப் போலவே செய்ன் நதியோரம் இருக்கும் கிளிஷியில்தான் அதன் தலைமையகம்.

நூறு வருடத்துக்கு மேலாகியும் கடும் கறுப்புக்கும் கடும் மண்ணிறத்துக்கும் பி.பி.டி.யும் அதன் உறவான டொலுவீன் டயமீனும்தான் முக்கிய மூலப்பொருட்கள். இவற்றைப் போல நரையை மூடுகிற வேறு பொருள் இலகுவில் கிடைக்கவில்லை. கறுப்பு நிறம் தேடுகிற எம்மவருக்கு இது முக்கியமான விடயம். பொதுவாக நிறம் கடுமையாகக் கடுமையாக இந்தப் பொருட்களின் அளவும் கூடுகிறது.

உடம்பு மறக்காது

பி.பி.டி. பலருக்கு ஒன்றும் செய்யாது. சிலருக்கு மட்டும், பூசப் பூச, உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதை எதிரியாக அடையாளம் கண்டுகொள்கிறது. அது முதல் தடவையிலும் நடக்கலாம், ஐம்பதாவது தடவையிலும் நடக்கலாம். "எட்டு வருசமா ஒண்டும் செய்யேல்லை" என்பது ஒன்பதாவது வருடத்துக்கு உத்தரவாதம் அல்ல.

இன்னொன்று, இந்த ஒவ்வாமை உடனே வராது. பூசி ஒரு நாள், இரண்டு நாள், சிலவேளை மூன்று நாள் கழித்து வரும். அதனால்தான் போன முறை வந்த கடியை டையோடு சேர்த்து யோசிக்காமல் குளிர், ஷாம்பு, சாப்பாடு என்று ஏதாவது ஒன்றின் தலையில் போட்டுவிடுகிறோம். காதுக்குப் பின்னால், கழுத்தில், கண்ணிமையில் சின்னக் கடியோ சிவப்போ வந்திருந்தால் அது முன்னறிவித்தல். அடுத்த முறை அது சின்னதாக இராது.

இந்தப் பொருளுக்குப் பயந்து ஜேர்மனி இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் தலைச்சாயத்தில் அதைத் தடைசெய்து வைத்திருந்தது. இன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி உண்டு, ஆனால் கலந்து தலையில் வைக்கும்போது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2011 முதல் பெட்டியில் மூன்று எச்சரிக்கைகள் கட்டாயம் இருக்க வேண்டும். தலைச்சாயம் கடுமையான ஒவ்வாமையை ஏற்படுத்தலாம். 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இது உரியதல்ல. 'கறுப்பு மருதோன்றி' என்று தோலில் போடும் தற்காலிகப் பச்சை ஒவ்வாமை அபாயத்தைக் கூட்டும். எங்கள் அண்ணைக்கு நடந்தது அதற்கு நான்கு வருடம் முந்தி. ஆனால் எச்சரிக்கை வந்த பிறகும் வாசிக்காவிட்டால் பயன் என்ன?

2018இல் பாரிசுக்குத் தெற்கே இருக்கும் வால்-து-மார்ன் மாவட்டத்தில் 19 வயது மாணவி ஒருவருக்கு நடந்தது பிரெஞ்சுப் பத்திரிகைகளில் வந்தது. சுப்பர்மார்க்கெட்டில் வாங்கிய டை. பரிசோதனை செய்யாமல் விடவில்லை. ஆனால் 48 மணித்தியாலம் வைத்துப் பார்க்க வேண்டியதை அரைமணித்தியாலத்தோடு முடித்துவிட்டுத் தலைக்குப் பூசிவிட்டார். 56 சென்ரிமீற்றராக இருந்த தலைச் சுற்றளவு வீங்கி 63 ஆனது. வைத்தியசாலைக்குப் போய்த் தப்பினார். பிரெஞ்சு நன்றாக வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கே அந்தக் கதி.

மருதோன்றி என்றால் பயமில்லையா?

"நான் இரசாயனம் பூசுறேல்லை, மருதோன்றிதான்" என்று சொல்லும் அக்காமார் அநேகர். உண்மையான மருதோன்றி இலைத்தூள் நல்லதுதான். ஆனால் அது நரையில் செம்மஞ்சளாகத்தான் பிடிக்கும். மருதோன்றி ஒரு நாளும் தனியாகக் கறுக்காது. முப்பது நிமிடத்தில் தலையைக் கறுப்பாக்கும் 'மருதோன்றி'ப் பைக்கற்றாக இருந்தால், அதில் இலையைவிட வேறு ஏதோ இருக்கிறது. அந்த வேறு ஏதோ பெரும்பாலும் பி.பி.டி.தான். தண்ணீரில் கரைத்துப் பூசும் கறுப்புத் தூள் டைகளும் அப்படியே. போத்தல் இரண்டு இல்லை என்பதற்காக அது மூலிகை ஆகிவிடாது.

இலையால் கறுப்பு வேண்டுமென்றால் அவுரி இலைத்தூள் இருக்கிறது. முதலில் மருதோன்றியைக் குழைத்துப் பூசி இரண்டு மணித்தியாலம் வைத்துக் கழுவ வேண்டும். பிறகு அவுரித்தூளை இளஞ்சூட்டுத் தண்ணீரில் குழைத்து, அதிக நேரம் வைத்திராமல் பூசி, ஒரு மணித்தியாலம் விட வேண்டும். உடனே பார்த்தால் பச்சை கலந்து தெரியும், ஒன்றிரண்டு நாளில் கருமண்ணிறமாக இறங்கும். அரைநாள் வேலைதான், குளியலறையும் ஊத்தையாகும். ஆனால் டயமீனுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மிஞ்சும் வழிகளில் இது ஒன்று. அவர்கள் இதையும் தோலில் பரிசோதித்த பிறகே பூச வேண்டும். வாங்கும்போது பொருட்பட்டியலில் இலைகளின் பெயர் மட்டுமே இருக்கிறதா என்று பாருங்கள்.

சாமத்திய வீட்டுக்கும் கலியாண வீட்டுக்கும் பிள்ளைகளின் கையில் போடும் கறுப்பு மருதோன்றியை நிறுத்துங்கள். கோன் கறுப்பாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பன்னிரண்டு வயதில் கையில் வந்த ஒவ்வாமை, அந்தப் பிள்ளை நாற்பது வயதில் தலைக்குப் பூசும்போது முகத்தில் வந்து நிற்கும்.

அப்படியானால் எதை எடுப்பது?

ஒரு நாள் விழாவுக்கு, ஒரு புகைப்படத்துக்கு என்றால் தற்காலிகச் சாயமே போதும். வேரிலும் காதோரத்திலும் தெரியும் நரையை ஸ்பிறேயாலோ தூரிகையாலோ மறைத்துவிட்டு இரவு முழுகிவிடலாம். மூன்று மணித்தியால விழாவுக்காக ஆறு கிழமைக்கொருதரம் பூசும் வேலையைத் தலையில் ஏற்றாதீர்கள்.

நரை கொஞ்சமாக உள்ளவர்கள், முதல் தடவை பூசிப் பார்ப்பவர்கள் அரைநிரந்தரச் சாயத்தை எடுக்கலாம். நிறம் பிடிக்காவிட்டாலும் ஒன்றிரண்டு மாதத்தில் போய்விடும்.

பாதிக்குக் கிட்ட நரைத்தவர்கள், வேர்க்கோடு தெரிவதை விரும்பாதவர்கள் தோன் சூர் தோன் எடுக்கலாம். ஆனால் கவனியுங்கள்: இதிலும் டயமீன் இருக்கிறது. 'சான் அமொனியாக்', அதாவது அமோனியா இல்லை, என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். அமோனியா இல்லை என்றால் மணம் குறைவு, கண் எரிவு குறைவு. டயமீன் இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. பெட்டியின் பக்கத்தில் பொருட்பட்டியலைப் பாருங்கள். டயமீன் என்று முடியும் நீண்ட சொல் இருந்தால் பரிசோதனை கட்டாயம்.

முழுதாக நரைத்து, நாளாந்தம் வேலைக்குப் போகிறவர்களுக்கு நிரந்தர டைதான் வசதி என்பதை மறுக்க முடியாது. உணவகத்துக் குசினியில் ஆவிக்குள் நிற்கிறவருக்குத் தற்காலிகச் சாயம் நெற்றியால் கறுப்பாக வழியும். இதுவரை ஒரு கடியும் வராதவர், ஒவ்வொரு முறையும் 48 மணித்தியாலம் பொறுக்க ஆயத்தமானவர் இதை எடுக்கலாம்.

ஒருமுறையாவது கடி, சிவப்பு, வீக்கம் வந்தவர்கள் கடைசி இரண்டு வகையையும் தொடவே வேண்டாம். வீட்டில் பரிசோதித்தும் பார்க்க வேண்டாம். வைத்தியரிடம் போங்கள். கர்ப்பிணிப் பெண்கள் முதல் மூன்று மாதம் தவிர்ப்பது நல்லது, அதன் பின்னும் வைத்தியரிடம் கேளுங்கள். டை பூசினால் புற்றுநோய் வருமா என்றும் பலர் கேட்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் லியோனில் உள்ள புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் 2010இல் வெளியிட்ட அறிக்கையில், வீட்டில் தமக்குத் தாமே பூசுகிறவர்கள் பற்றி முடிவு சொல்லச் சான்று போதாது என்றது. ஆனால் சலூனில் தொழிலாகச் செய்பவர்களுக்கு அபாயம் இருக்கக்கூடும் என்றது. சலூனில் வேலை செய்யும் எமது சகோதரர்கள் கையுறை இல்லாமல் டையைத் தொடாதிருப்பது நல்லது.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெட்டியில் இலக்கம் இருக்கும். 1 என்றால் முழுக் கறுப்பு, 3 கடும் மண்ணிறம், 4 மண்ணிறம். எம்மவர் கண்ணை மூடிக்கொண்டு 1ஐ எடுக்கிறார்கள். ஐம்பது வயது முகத்துக்கு மேல் அது சப்பாத்துப் பொலிஷ் பூசியது போலத் தெரியும். ஒரு முறை முழுக் கறுப்புப் பூசினால் அதன் மேல் இளநிறம் பூசி மாற்ற முடியாது, நிறநீக்கி போட்டுத்தான் எடுக்க வேண்டும். 3இல் தொடங்குங்கள். போதாவிட்டால் அடுத்த முறை கடுமையாக்கலாம்.

வீட்டில் பூசும்போது

விழா சனிக்கிழமை என்றால் அதற்கு முந்தின சனிக்கிழமையே பெட்டியை வாங்குங்கள். தாளில் சொன்னபடி காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ சிறு துளி பூசி, கழுவாமல் 48 மணித்தியாலம் விடுங்கள். கடி, சிவப்பு, கொப்புளம் எது வந்தாலும் கழுவிவிட்டுப் பெட்டியைக் குப்பையில் போடுங்கள். ஒன்றும் வராவிட்டால் பூசலாம். அப்போதும் நூறு வீத உத்தரவாதம் இல்லை என்பதால் பூசும்போதும் பூசிய பிறகும் அவதானமாக இருங்கள். அதே டை, அதே இலக்கம் என்றாலும் அடுத்த முறையும் பரிசோதனை வேண்டும்.

தலையில் புண், கீறல், சொறி இருந்தால் பூச வேண்டாம். நெற்றியோரம், காது, கழுத்து எங்கும் வசலின் தடவுங்கள். பெட்டியில் வரும் கையுறையைப் போடுங்கள். உலோகக் கிண்ணத்தில் கலக்காதீர்கள். யன்னலைத் திறந்து வையுங்கள். சொன்ன நேரத்துக்கு மேல் ஊறவிட்டால் அதிகம் கறுக்கும் என்பது தவறான எண்ணம், தோல்தான் எரியும். தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவுங்கள். கலந்து மிஞ்சியதைப் போத்தலில் மூடி வைக்காதீர்கள். உள்ளே வாயு சேர்ந்து போத்தல் வெடிக்கலாம். புருவத்துக்கும் கண்மயிருக்கும் ஒருபோதும் பூசாதீர்கள். மீசைக்கும் தாடிக்கும் உள்ள டையிலும் இதே டயமீன்தான், முகத்துத் தோல் தலைத்தோலைவிட மென்மையானது.

தூள் டைப் பைக்கற்றுகளைப் பிள்ளைகளுக்கு எட்டாத அலுமாரியில் வையுங்கள். பி.பி.டி. வயிற்றுக்குள் போனால் தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும், சிறுநீரகமும் பழுதாகும்.

வந்துவிட்டால்

உடனே நிறையத் தண்ணீரில் தலையைக் கழுவுங்கள். இலேசான கடி என்றால் பார்மசியில் காட்டுங்கள். முகம், கண், உதடு வீங்கினால் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மூச்சுத் திணறினால், தலைசுற்றி விழுந்தால், ஒரு நிமிடமும் காத்திராமல் 15 அல்லது 112க்கு அடியுங்கள். யாராவது விழுங்கிவிட்டால் அதே இலக்கங்களுக்கோ பாரிஸ் நச்சுத் தகவல் நிலையத்தின் 01 40 05 48 48க்கோ அடியுங்கள், அங்கே இரவும் பகலும் ஆள் இருக்கும். மொழி வராதே என்று தயங்க வேண்டாம். பிள்ளையையோ அயலவரையோ பேச வையுங்கள். டைப் பெட்டியைக் கையோடு கொண்டு போங்கள், வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.

சுகமான பிறகு குடும்ப வைத்தியரிடம் கடிதம் வாங்கித் தோல் வைத்திய நிபுணரிடம் போங்கள். முதுகில் சிறு ஒட்டுக்கள் ஒட்டி, எதற்கு ஒவ்வாமை என்று இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்ப்பார்கள். தோல் நோய்களுக்குப் பேர்போன, 1607இல் நான்காம் ஹென்றி மன்னர் கட்டத் தொடங்கிய சென்-லூயி வைத்தியசாலை பாரிஸ் 10இல், லாச்சப்பலுக்குத் தூரமில்லாத இடத்திலேயே இருக்கிறது. முடிவை எழுதித் தந்தால் அந்தத் தாளைப் பணப்பையில் வைத்திருங்கள். சலூனுக்குப் போனாலும் காட்டுங்கள்.

எங்கள் அண்ணைக்கு அந்த ஒட்டுப் பரிசோதனையில் டயமீன் என்று முடிவு வந்தது. இரண்டு மாதம் கழித்து, புதிதாகச் சீட்டு எடுத்து, ஒட்ட வெட்டிய வெள்ளைத் தலையோடு சென்னைக்குப் போனார். தாயார் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "கொப்பரைப் போலவே வந்திட்டாய்" என்றாராம். வேறொன்றும் கேட்கவில்லையாம்.

அதன் பிறகு அவர் தலைக்குப் பூசுவதில்லை. மகளின் கலியாணத்துக்கு மட்டும், பார்மசியில் பொருட்பட்டியலைக் காட்டிக் கேட்டு, கழுவினால் போகும் தூரிகையால் காதோரம் கொஞ்சம் தடவினார். அதையும் ஒரு கிழமைக்கு முன்னரே காதுக்குப் பின்னால் பூசி, இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். அந்த இரண்டு நாளை நாங்களும் பொறுக்கப் பழகுவோம்.